பிரசவ வார்டின் தலைவி

ஊரில் பாதிப் பேருக்கு அவளுடைய நிஜப் பெயர் தெரியாது. தெரிந்த மீதிப் பாதியும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உப்பங்கழிக் கரையில் இருந்த ஐஸ் தொழிற்சாலையில் பாளம் பாளமாக ஐஸை வெளியே இழுத்து, எந்திரத்தில் தள்ளி நொறுக்கி, மீன் பெட்டிகளில் அள்ளிப் போடுவது அவள் வேலை. ஆகவே அவள் ஐஸக்கா. அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். ஒரு தடவை வங்கியில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, யாரோ பாவம், வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள்.

பெயரில் இருந்த குளிர்ச்சி வாயில் கிடையாது. நாள் முழுக்க அந்த எந்திரத்தின் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி, சாதாரணக் குரல் என்று ஒன்று உண்டு என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. வீட்டில் அவள் "உப்பு எடுங்க" என்று சொன்னால் பக்கத்து வீட்டுக்காரி உப்பு டப்பாவோடு வந்து நிற்பாள்.

அவளுடைய கணவனுக்குக் கேப்டன் என்று பெயர். யார் வைத்த பெயர் என்று கேட்டால், அவனே வைத்துக்கொண்டது. ஒரு சின்னப் படகு, அதன் பின்னால் ஓர் எஞ்சின், தலையில் தங்க நிற நங்கூரம் போட்ட ஒரு தொப்பி. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பெரிய கப்பலை ஓட்டுகிறவன் மாதிரி கரையில் நடப்பான். கல்யாணத்துக்கு முன்னால், வாங்கிப்போன ஐஸ் உருகிவிட்டது என்று புகார் சொல்ல வந்தவன் அவன். "ஐஸ்னா உருகத்தான் செய்யும்" என்று அவள் சொல்லி அனுப்பினாள். மறுநாளும் அதே புகாரோடு வந்து நின்றான். அதற்கு மறுநாளும். இப்படி ஒரு மக்குடன் எந்தப் பெண் குடும்பம் நடத்துவாளோ என்று அவள் இரக்கப்பட்டாள். கடைசியில் அந்தப் பெண் அவளாகவே இருந்தாள்.

இருவருக்கும் எதிலும் ஒத்துப்போகாது. ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதில் ஆரம்பித்து, யாருக்கு ஓட்டுப் போடுவது என்பது வரை, ஒருவர் சொன்னதை மற்றவர் வெட்டிப் பேசாமல் ஒரு நாளும் போனதில்லை. ஊர் அதை இலவச நாடகமாக ரசித்தது.

கழியில் மீன் குறைந்துகொண்டே வந்தது. முன்பெல்லாம் படகுகள் ஐஸுக்கு வரிசை கட்டி நிற்கும். இப்போது ஒரு பாளத்தை இரண்டு பேர் பாதியாக உடைத்து வாங்கிப்போனார்கள். காரணம் கேட்டால் ஆளுக்கொரு விரலை நீட்டினார்கள். நண்டுக்கூண்டு வைக்கிறவர்கள்தான் சினை நண்டைக்கூட விடாமல் அள்ளுகிறார்கள் என்று வலை போடுகிறவர்கள் சொன்னார்கள். வலைக்காரர்கள்தான் கொசுவலை மாதிரிப் பொடிக்கண் வலையைப் போட்டு மீன்குஞ்சை வழித்தெடுக்கிறார்கள் என்று கூண்டுக்காரர்கள் சொன்னார்கள். இரண்டு கட்சியும் சொன்னது நிஜம். வலைக்காரர்களில் சத்தமான ஆள் கேப்டன். கூண்டுக்காரர்களுக்குத் தலைவர், மீசை என்று அழைக்கப்பட்ட ஒரு பெரியவர். ஒருவர் இருக்கும் டீக்கடைக்கு மற்றவர் போகமாட்டார். கரையில் இருந்ததே ஒரு டீக்கடை என்பதால் எப்போதும் யாராவது ஒருவர் டீ குடிக்காமல் காய்ந்துகொண்டிருந்தார்.

இந்த லட்சணத்தில்தான் ஈரநில அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்து கூட்டம் போட்டாள். இடம், மீன் ஏலம் நடக்கும் கொட்டகை. நாற்காலிகள் ஐஸ் தொழிற்சாலையிலிருந்து இரவல் வாங்கியவை. சுவரில் படம் காட்டினார்கள். ஒரு பல்லி மீன் படத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தது.

அதிகாரி சொன்னது இதுதான். கழி கடலைத் தொடும் இடத்துக்குப் பக்கத்தில் உவர்நீரில் வளரும் கண்டல் மரங்கள் அடர்ந்த ஒரு சின்ன ஓடை இருக்கிறது. சினை மீனும் சினை நண்டும் அங்கேதான் ஒதுங்குகின்றன. குஞ்சுகள் அந்த வேர்களுக்கு நடுவேதான் வளர்கின்றன. சினைக்காலம் முழுவதும் அந்த ஓடையில் யாரும் கை வைக்காமல் இருந்தால் மற்ற இடத்தில் மீன் பெருகும்.

"சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியதுதானே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"போட்டோமே. பலகைகூட நட்டோம்" என்றாள் அதிகாரி. "அந்தப் பலகையை உங்கள்ல யாரோ அடுப்பெரிக்க எடுத்துட்டுப் போயிட்டாங்க. அதனால இந்தத் தடவை சட்டம் எல்லாம் வேண்டாம். நீங்களே உக்காந்து பேசி ஒரு கட்டுப்பாடு வச்சுக்குங்க. நீங்களே காவல் இருங்க. உதவி வேணும்னா நாங்க பண்றோம்."

"மீன் புள்ள பெத்துக்க நாம வாசல்ல காவல் நிக்கணுமாக்கும்" என்றார் மீசை.

"அப்ப அது பிரசவ வார்டு" என்று யாரோ சொல்ல, கொட்டகை முழுக்கச் சிரிப்பு. அன்றிலிருந்து அந்த ஓடைக்கு அதுவே பெயராகிவிட்டது. பின்னாளில் அதிகாரியின் அறிக்கைகளில்கூட அது தப்பித்தவறி ஓரிடத்தில் அப்படியே பதிவாகி, மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள் என்று பேச்சு.

ஓடையை மூடுவது என்று பெரும்பாடுபட்டு முடிவானது. மீறுகிறவர்களுக்கு என்ன தண்டனை என்று கேள்வி வந்தபோது கேப்டன் எழுந்து நின்றான். மீசையை நேராகப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"எஞ்சினைக் கழட்டணும். ஒரு மாசம் ஐஸ் பேக்டரியில வச்சுப் பூட்டணும். யாரா இருந்தாலும் சரி. துடுப்புப் போட்டுப் பாத்தா புத்தி வரும்."

வலைக்காரர்கள் கை தட்டினார்கள். கூண்டுக்காரர்களும் போட்டிக்குக் கை தட்டினார்கள். தீர்மானம் நிறைவேறியது.

அடுத்து, இதையெல்லாம் கவனிக்க ஒரு குழு, அதற்கு ஒரு தலைவர். இங்கேதான் வண்டி சேற்றில் சிக்கியது. கேப்டன் பெயரைச் சொன்னால் அந்தப் பக்கம் எகிறியது. மீசையின் பெயரைச் சொன்னால் இந்தப் பக்கம் எகிறியது. பேச்சு தள்ளுமுள்ளாக மாறிக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஐஸக்கா ரப்பர் பூட்ஸும் ஏப்ரனுமாக உள்ளே நுழைந்தாள். அவள் வந்தது கூட்டத்துக்கு இல்லை.

"இன்னும் எவ்ளோ நேரம்? நாற்காலியெல்லாம் நான் எடுத்துட்டுப் போகணும்" என்றாள்.

கொட்டகை அமைதியானது. இவ்வளவு நேரம் அதிகாரி மைக்கில் கெஞ்சியும் வராத அமைதி.

"இவங்களையே போட்டுடலாமே" என்றாள் அதிகாரி.

வலைக்காரர்கள் யோசித்தார்கள்: நம்ம கேப்டனின் பெண்டாட்டி, நம்ம ஆள். கூண்டுக்காரர்களும் யோசித்தார்கள்: கேப்டன் சொன்னதை இந்த அம்மா என்றைக்குக் கேட்டிருக்கிறாள்? இரண்டு பக்கமும் திருப்தியோடு கையைத் தூக்கின. நாற்காலி கேட்டு வந்தவளை எல்லாருமாகச் சேர்ந்து தலைவர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

"எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது, ஐஸ் போடத்தான் தெரியும்" என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

"அதான் தகுதி" என்றார் மீசை.

தலைவி ஆனதும் அவள் முதலில் செய்த வேலை, காவல் முறையை வகுத்தது. ஓடை வாயில் கம்பு நட்டு ஒரு பரண் கட்டினார்கள். ஒவ்வொரு முறைக்கும் ஒரு வலைக்காரரையும் ஒரு கூண்டுக்காரரையும் ஜோடியாகப் போட்டாள். ஒருவர்மேல் மற்றவருக்கு நம்பிக்கை கிடையாது என்பதால் இரண்டு பேரும் கண் இமைக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கண்டல் கன்று நடும் வேலையையும் ஆரம்பித்தார்கள். கண்டல் விதை நீளமாக, ஒரு முனை கூராக, குச்சி மாதிரி இருக்கும். கூரான முனைதான் முளை, அதுதான் வானத்தைப் பார்க்க வேண்டும் என்று கேப்டன் அடித்துப் பேசினான். அவன் பேச்சை நம்பி ஒரு பெரிய திட்டு முழுக்கத் தலைகீழாக நட்டார்கள். அதிகாரி வந்து ஒன்றைப் பிடுங்கி, கூரான முனையில்தான் வேர் விடும், அதுதான் சேற்றுக்குள் போக வேண்டும் என்று காட்டினாள். மறுநாள் அத்தனையையும் பிடுங்கித் திருப்பி நட்டார்கள். அவற்றில் கொஞ்சம் ஆடு தின்றது, கொஞ்சம் வெள்ளத்தில் போனது, மிச்சம் பிடித்துக்கொண்டது.

சில வாரத்தில் ஓடைக்குள் மீன் துள்ளுகிற சத்தம் கரைக்கே கேட்க ஆரம்பித்தது. மற்றவர்கள் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார்கள். கேப்டனுக்கு மட்டும் அது வேறு மாதிரிக் கேட்டது. படகில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கொடுவா மீன்கள் தன்னைப் பார்த்துத் துள்ளுவதாகவும், தன்னைக் கேலி செய்வதாகவும் அவனுக்குத் தோன்றியது. வீட்டில் சாப்பிடும்போதுகூடத் திடீரென்று தலையைத் தூக்கி, "எவ்ளோ பெருசு தெரியுமா?" என்பான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். தொலைக்காட்சியில் கிரிக்கெட் இறுதிப் போட்டி. கரையில் ஒரு ஈ காக்கா இல்லை. பரணில் இருக்க வேண்டிய ஜோடியும், வாழ்க்கையில் முதல் முறையாக ஒருமித்த கருத்துக்கு வந்து, சேர்ந்தே போட்டி பார்க்கப் போய்விட்டது. கேப்டன் மட்டும் வயிற்றுவலி என்று வீட்டில் படுத்திருந்தான். ஐஸக்காவுக்கு விடுமுறை கிடையாது, தொழிற்சாலையில் இருந்தாள்.

ஆட்டம் முடிந்த நேரத்தில் ஜூஸ் கடைக்காரர் வாளியோடு வந்து நின்றார்.

"அக்கா, அவசரமா கொஞ்சம் ஐஸ் வேணும். கடையில ஒரு துண்டுகூட இல்ல."

"காலையிலதானே பெட்டி நிறைய வாங்கிட்டுப் போனீங்க?"

"உங்க வீட்டுக்காரர் வந்து மொத்தத்தையும் அள்ளிட்டுப் போயிட்டாரே. வீட்ல ஏதாச்சும் விசேஷமாக்கா?"

எந்திரத்தை நிறுத்தினாள். "ஆமா, விசேஷம்தான்" என்றாள். அவருக்கு ஐஸ் கொடுத்து அனுப்பிவிட்டு, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்கு நடந்தாள்.

கேப்டன் கட்டிலில் கழுத்து வரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தான்.

"வயிறு எப்படி இருக்கு?"

"பரவால்ல. கொஞ்சம் இழுத்துப் பிடிக்குது."

"ஐஸ் ஒத்தடம் குடுத்தீங்களோ?"

போர்வை அசையவில்லை. "எதுக்கு ஐஸ்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். ஊருக்கே ஒரு ஐஸ் பேக்டரி. அதுல உங்க பொண்டாட்டி வேலை பாக்கறா. அவகிட்ட வாங்காம, ஜூஸ் கடையில போய் ஐஸ் வாங்கற புருஷன் என்ன காரியம் பண்ணியிருப்பான்?"

"என்னைச் சந்தேகப்படறியா?"

"சந்தேகமே இல்ல. எங்க வச்சிருக்கீங்க?"

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். குளியலறையில் பார்த்தாள். சமையலறை மூலையில் வெகுநாளாக ஓடாத வாஷிங் மெஷின் ஒன்று, பழைய துணி மூட்டைகளைச் சுமந்துகொண்டு நின்றது. அதன் அடியிலிருந்து தரையில் மெல்லத் தண்ணீர் ஊர்ந்துகொண்டிருந்தது. துணிகளைத் தள்ளிவிட்டு மூடியைத் தூக்கினாள். ஜூஸ் கடை ஐஸுக்கு நடுவே, தலையை மேலே நீட்டிக்கொண்டு, வாயைப் பிளந்தபடி, கொடுவாக்கள் அவளைப் பார்த்தன.

"நான் வலை போடவே இல்ல" என்றான் கேப்டன் வாசற்படியில் வந்து நின்று. "சும்மா பாக்கத்தான் போனேன். வலை தானா விழுந்துடுச்சு."

"மீனும் தானா நடந்து வந்து மெஷினுக்குள்ள ஏறிக்கிச்சு."

"நீயே பாரு. இவ்ளோ பெரிய கொடுவாவை எப்பப் பாத்தோம்? ஆசையா இருந்துச்சு. அவ்ளோதான்."

ஒன்றை எடுத்துக் கையில் வைத்தாள். வயிறு உப்பியிருந்தது. லேசாக அழுத்தினாள், மஞ்சள் மஞ்சளாகச் சினை கசிந்தது. மீனைத் திரும்ப ஐஸில் வைத்தாள். அவள் கத்தாமல் இருந்ததைப் பார்த்துக் கேப்டன் போனை எடுத்துக்கொண்டு மெல்ல வெளியே நழுவினான்.

அந்த நிமிஷத்தில் அவளுக்கு மூடியைத் திரும்ப மூடிவிடலாம் என்று தோன்றாமல் இல்லை. ஜூஸ் கடைக்காரரின் வாயை அடைப்பது பெரிய விஷயமில்லை. படகு ஓடாவிட்டால் வீடு திண்டாடும். மீசை சிரிப்பார்; அந்தச் சிரிப்பை வாழ்நாள் முழுக்கக் கேட்க வேண்டும். போதாக்குறைக்கு, சந்தையில் மீன் கடை வைத்திருந்த நாத்தனார், கேப்டனின் அக்கா, தம்பி போன் பண்ணிச் சொன்னவுடன் வந்து குதித்தாள்.

"ஏம்மா, என்னத்தைப் பெரிய கொலைக்குத்தம் பண்ணிட்டான்? குடும்ப மானத்தைச் சந்தியில இழுக்காதே. குடு, நான் கொண்டுபோய் சத்தமில்லாம வித்துடறேன்."

"அண்ணி, இதே மீனை மீசை பிடிச்சிருந்தா என்ன சொல்வீங்க?"

"அவனைத் தோலை உரிக்கணும்."

"அப்ப நாளைக்கு யார் வந்து யார் தோலை உரிக்கிறது? ஊரே பிரசவ வார்டுக்குள்ள இறங்கிடும். அப்புறம் உங்க கடையில எதை வச்சு விப்பீங்க?"

நாத்தனார் மெஷினுக்குள் எட்டிப் பார்த்தாள். "நல்ல மீனுதான் பிடிச்சிருக்கான் பாவி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை ஐஸக்கா தொழிற்சாலையின் தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போனாள். யாரையும் கூப்பிடவில்லை. ஸ்பேனரைப் போட்டு எஞ்சினைத் தானே கழற்றி, மூச்சு வாங்க வண்டியில் ஏற்றினாள். பக்கத்தில் மீன் பெட்டியை வைத்தாள். கடைத்தெரு வழியாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். கேப்டன் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு வந்தான்.

"எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

"நான் உன் புருஷன்."

"அதான் நானே வந்து தள்றேன். வேற ஆளா இருந்தா அவனையே தள்ள விட்டிருப்பேன்."

ஜூஸ் கடை முன்னால் வண்டியின் சக்கரம் சாக்கடை ஓரத்துப் பள்ளத்தில் இறங்கிக்கொண்டது. அவள் முக்கினாள், முனகினாள், நகரவில்லை. எஞ்சின் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது. கேப்டன் இரண்டு பக்கமும் பார்த்தான். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. தொப்பியைக் கழற்றிப் பையில் செருகிக்கொண்டு, தோளைக் கொடுத்து வண்டியைத் தூக்கினான். அதற்குப் பிறகு தொழிற்சாலை வரை இருவருமாகத்தான் தள்ளினார்கள்.

தொழிற்சாலை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. மீசை இந்த நாளுக்காகத்தான் இத்தனை வருஷம் உயிரோடு இருந்தவர் மாதிரிச் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து கீழே உட்கார்ந்தார். ஐஸக்கா மீன்களைத் தரையில் பரப்பி, ஒன்றை அறுத்துச் சினையைக் காட்டினாள். ஒரு கைக்குள் அடங்காத சினை. யாரோ "ச்சே" என்றார்கள். கேப்டன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மீன் மொத்தத்தையும் ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு அனுப்பினாள். மீசையின் சிரிப்பும் எப்போது நின்றது என்று தெரியாமல் நின்றுபோயிருந்தது.

"சரி விடும்மா. ஒரு வாரம் போதும். பாவம்" என்றார்.

"நீங்க மாட்டினாலும் ஒரு மாசம்தான்" என்றாள் ஐஸக்கா. பிறகு திரும்பி, "நேத்திக்குப் பரண்ல இருந்த ரெண்டு பேரும் அடுத்த மாசம் முழுக்க நீங்கதான் காவல். ஆட்டத்தோட முடிவை அங்க உக்காந்து பேசிக்குங்க" என்றாள்.

கேப்டன் பேச்சை நிறுத்திவிட்டான். அவளோடு ஒரே அறையில் இருந்துகொண்டு, சந்தையில் இருக்கும் தன் அக்காவுக்குப் போன் போட்டு, "டீ ஆறிப்போச்சுன்னு அவகிட்ட சொல்லு" என்பான். வியாபாரத்துக்கு நடுவே நாத்தனார் இவளுக்குப் போன் பண்ணி, "டீ ஆறிப்போச்சாம்" என்பாள். "சூடு பண்ணத் தெரியாதான்னு கேளுங்க அண்ணி" என்பாள் இவள், அவன் காதுக்கு நேராக. கடைசியில் நாத்தனார் இரண்டு பேருடைய போன் நம்பரையும் பிளாக் பண்ணிவிட்டாள்.

துடுப்புப் போட்டுப் போய்ப் பார்த்தான். தோள் வீங்கியது. புத்தி வந்ததா என்பது தெரியவில்லை. எஞ்சினைப் பார்க்கும் ஆசை வந்தது. ஒரு நாள் தொழிற்சாலைக்கு வந்து, மூலையில் சாக்கு போர்த்தி வைத்திருந்த எஞ்சினைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் பார்க்காத மாதிரி வேலையைப் பார்த்தாள். அன்றைக்கு அவளோடு பாளம் இழுக்கும் ஆள் வரவில்லை. தனியாக இழுத்துக்கொண்டிருந்தவள் கால் வழுக்கித் தடுமாறியதும், அவன் எழுந்து வந்து கொக்கியை வாங்கிக்கொண்டான். இரண்டு பாளம் இழுப்பதற்குள் அவனுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

"தினம் இவ்ளோ கனமா இழுக்கறே?" என்றான். போன் இல்லாமல், நேராக.

"பின்ன, ஐஸ்னா பஞ்சா?"

அவன் அவளுடைய கைகளைப் பார்த்தான். சிவந்து, மரத்துப்போன கைகள். இவ்வளவு வருஷம் அதே கைகளால்தான் அவனுடைய பெட்டியையும் அவள் நிரப்பிக்கொண்டிருந்தாள். அடுத்த பாளத்தையும் அவனே இழுத்தான். மறுநாளும் வந்தான். மாதம் முடிந்து எஞ்சின் கைக்கு வந்தபோது, அதை ஏற்றிக்கொண்டு போக மீசைதான் கூண்டுக்காரர்களைக் கூட்டி வந்தார். டீக்கடையில் அவரும் கேப்டனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து குடித்தார்கள். முதுகைக் காட்டிக்கொண்டுதான், ஆனாலும் ஒரே பெஞ்ச்.

அந்த வருஷம் இன்னும் இரண்டு எஞ்சின்கள் தொழிற்சாலைக்கு வந்தன. ஒன்று குழு உறுப்பினர் ஒருவருடையது. கேப்டனுடையதே போய் வந்த பிறகு யாராலும் வாயைத் திறக்க முடியவில்லை. தாங்களாகவே கழற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள்.

சினைக்காலம் முடிந்து ஓடையைத் திறந்தபோது மீன் கொட்டவில்லை. அதிசயம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் அடுத்த வருஷம் கழியில் நடுத்தரக் கொடுவா தட்டுப்பட ஆரம்பித்தது. நண்டு கூடியது. படகுகள் மறுபடி முழுப் பாளம் கேட்டன; அவளுக்கு இடுப்பு வலி கூடியது. தலைவர் பதவியை விடுகிறேன் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். இரண்டு முறையும் எல்லாரும் கையைத் தூக்கி அவளையே போட்டார்கள். எல்லாருக்கும் முன்னால் தூக்கிய கை கேப்டனுடையது. குழு வேலையில் அவள் வீட்டில் இருக்கும் நேரம் குறைந்தது அவனுக்கு வசதியாக இருந்திருக்கலாம்.

பெரிய அலுவலகத்திலிருந்து ஒரு குழு வந்து, இந்தக் கட்டுப்பாடு எப்படி நிலைத்தது என்று கேட்டது. "எல்லாரும் எல்லாரையும் சந்தேகப்பட்டோம். அதனால ஒழுங்கா நடந்துச்சு" என்றாள் அவள். அவர்கள் அதை மக்கள் பங்கேற்பு என்று எழுதிக்கொண்டார்கள்.

கழியின் எதிர்க்கரைக்காரர்களும் தங்கள் பக்கத்தில் ஓர் ஓடையை மூட வேண்டும் என்று யோசனை கேட்டு வந்தார்கள். அவளுக்கு வேலை இருந்ததால் கேப்டனை அனுப்பி வைத்தாள். தொப்பியைப் போட்டுக்கொண்டு போனான். அங்கே அவன் பேசியது, கூடப் போய்த் திரும்பி வந்தவர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. ஊருக்கு ஒரு முன்மாதிரி வேண்டும் என்பதற்காகத் தானே ஒரு நாள் வேண்டுமென்றே ஓடைக்குள் போய், தானே எஞ்சினைக் கழற்றித் தள்ளிக்கொண்டு போய்த் தலைவியிடம் ஒப்படைத்ததாக அங்கே ஒரு மணி நேரம் பேசினானாம். கேட்டவர்களில் இரண்டு பேர் கண் கலங்கினார்களாம்.

"இப்படிப் புளுகியிருக்காரு, நீங்க சும்மா இருக்கீங்களே அக்கா?" என்று ஜூஸ் கடைக்காரர் கொதித்தார்.

"அவங்க ஓடையை மூடிட்டாங்களா?"

"போன வாரமே மூடிட்டாங்க."

"அப்ப இருக்கட்டும்" என்றாள் ஐஸக்கா. "வாளியைக் காட்டுங்க. எவ்ளோ வேணும்?"